அமைச்சர் வருகைக்கு அறுத்த ஜெரேனியம்

நண்பா,

இன்று காலை ஜெரேனியத்தின் கிளை ஒன்றைக் கணுவுக்குச் சற்றுக் கீழே வெட்டினேன். இலையின் மணம் விரலில் ஏறியது. அதனோடு அருவருப்பும் ஏறியது. குற்றம் செடியினுடையதன்று. அந்த மணம் உன் முகத்தைக் கொண்டுவரும் முன்பே, உன் செடியை அறுத்தவரின் முகத்தைக் கொண்டுவந்து நிறுத்திவிடுகிறது.

வடக்குப்பட்டின் தகரக்கூரை அறையில் சேர்ந்திருந்தோம். ஒரே ஆலையில் வேலை. மாலையில் எனக்கு மேடைப்பேச்சு, உனக்குச் செடி. தாயார் இறந்தபின் கொடைக்கானல் மலையிலிருந்து நீ எடுத்துவந்தது அந்த ஒரு ஜெரேனியத் தொட்டியைத்தான். நம் வெக்கையில் அது நாளுக்குநாள் வாடியது. கிளை வெட்டி ஊன்றிக் காப்பாற்றத் துடித்தாய். வெட்டிய கிளையை நிழலில் கிடத்திவிட்டுச் சொல்வாய்: “வெட்டுவாய் காயணும்யா. பச்சைப் புண்ணோட மண்ணுக்குள்ள போனா அழுகிரும்.” உடனே என்னைச் சீண்டுவாய்: “பேச்சாளரே, இந்த ஜெரேனியத்துக்கு ஒரு தூயதமிழ்ப் பேரு வைங்க பாப்போம்!” நான் விழிப்பேன், நீ சிரிப்பாய்.

நம் அறைக்கு உரியவரே ஆலைக்கு ஆள் அனுப்பும் ஒப்பந்தக்காரர். ஆலைவாயில் தோட்டமும் அவர் பொறுப்பு. ஆண்டு முழுதும் அங்கே புல்கூட முளைத்ததில்லை. அமைச்சர் வருகிறார் என்றதும் அவருக்குத் தோட்டம் நினைவுக்கு வந்தது. வருகைக்கு முதல்நாள் மாலை அறைக்குத் திரும்பினோம். தொட்டியில் கட்டைகூட இல்லை. மறுநாள் ஆலைப் பேருந்து வாயிலில் திரும்பியபோது கண்டோம். உன் தாயின் செடி கிளைகிளையாக ஈரமண்ணில் குத்தப்பட்டு, வேரின்றி, பூவோடு வரவேற்க நின்றது.

“அண்ணே, அது எங்க அம்மா வச்ச செடி” என்றாய், வாயிலில் நின்ற ஒப்பந்தக்காரரிடம்.

“இன்னாபா, ஒரு செடிக்கா இம்மாம் மூஞ்சியத் தூக்கினு நிக்கற? அமைச்சர் வர்ற எடம் மொட்டையா கீதுன்னா என்னையில்ல காறித் துப்புவாங்க! நாளைக்கு வந்து புடுங்கிக்கினு போ.”

அமைச்சர் மகிழுந்தின் கண்ணாடியைக்கூட இறக்கவில்லை.

மறுநாள், வரவேற்பு விருந்தின் எச்சில் இலைகளுக்கு அடியிலிருந்து அந்தக் கிளைகளைப் பொறுக்கினாய். அடிப்பகுதி கறுத்துக் கொழகொழத்து நாறியது. பச்சை தெரியும்வரை சீவினாய். அடி இலைகளையும் மொட்டுகளையும் கிள்ளினாய். காயவிட்டு மணலில் ஊன்றினாய். ஒவ்வொன்றாக அழுகின. ஒன்றே ஒன்று துளிர்த்தது. அன்று நீ சோற்றை மறந்து அதன்முன் குந்தியிருந்தாய்.

அதையும் ஒப்பந்தக்காரரின் கண் விடவில்லை. “அட, பொழச்சிக்கிச்சே! நல்லா வளத்து வை. வெளிநாட்டுக்காரங்க வராங்களாம்.”

நீ குரலை உயர்த்தவில்லை. “எங்க அம்மாவ ஒரு தடவ அறுத்தது போதும்ணே. இத தர மாட்டேன்.”

அந்த வாரமே உனக்கு வேலையும் இல்லை, அறையும் இல்லை. தொட்டியை என் கையில் தந்துவிட்டு, சேரப்பணஞ்சேரிப் பக்கம் வேலை தேடி அலைந்தாய். அந்தக் கோடையிலேயே மஞ்சள் காமாலை உன்னைக் கொண்டுபோயிற்று.

உனக்கு இரங்கற் கூட்டம் நடத்தியவர் யார் தெரியுமா? அவரேதான். பதாகையில் உன் முகம் அஞ்சல்தலை அளவு. அவர் முகம் ஆளுயரம். “நம்ம வூட்டுப் புள்ள மாதிரிபா அவன்” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஒலிவாங்கியை என்னிடம் நீட்டினார்: “நீதான் நல்லா பேசுவியே, ரெண்டு வார்த்த பேசு.” எந்த மேடையிலும் மறுத்தறியாத நான், அதை அவர் கையிலேயே திணித்துவிட்டு இறங்கினேன்.

செடி என்னிடம் செழித்திருக்கிறது. அந்த அருவருப்பும்தான். இன்றும் இரங்கலுரைக்கு என்னை அழைக்க வருவோரிடம் முதலில் ஒன்று கேட்கிறேன்: “இறந்தவர் உயிரோடிருந்தபோது அவரிடமிருந்து நீங்கள் எதைப் பறித்தீர்கள்?”

பெரும்பாலோர் தேநீரைக்கூடக் குடிக்காமல் எழுந்து போய்விடுகிறார்கள்.