வார் அறுந்த ஹெல்மெட்

அன்புள்ள அம்மா,

இதை யாரிடமும் காட்டாதே, அப்பாவிடம்கூட. உன் இடுப்பு வலி தேவலையா? நான் நலம். பிஎம்எக்ஸ் சைக்கிளில் தாவும்போது ஹெல்மெட் வார் அறுந்து விழுந்தேன். தாடையில் நாலே தையல்தான்.

உன் தம்பியின் சைக்கிள் பத்திரிகைக்காகத்தான் அதைப் போட்டுப் பார்த்தேன். நடந்ததை அப்படியே எழுதிக் கொடுத்தேன். மாமா அதை அடித்துவிட்டு, ‘மிக உறுதியான ஹெல்மெட்’ என்று என் பெயரிலேயே அச்சடித்துவிட்டார். கேட்டதற்கு, “ஏ கழுதை, நமக்கு விளம்பரம் தர்றதே அந்த ஹெல்மெட் கம்பெனிக்காரங்க மட்டும்தான். உண்ட வீட்டுக்கு ரெண்டகம் பண்ணச் சொல்றியா?” என்றார். அட்டையில் மட்டும் இன்னும் ‘யாருக்கும் அஞ்சாத இதழ்’ என்றே இருக்கிறது.

அதைப் படித்து என் வகுப்புத்தோழி அதே ஹெல்மெட்டை வாங்கிவிட்டாள். “நீ எழுதினதாலதான்டி வாங்கினேன்” என்கிறாள். நாளைக்கு அவளுக்குச் சைக்கிள் பந்தயம். காலையில் அவளிடம் உண்மையைச் சொல்லிவிடுவேன். மாமா என்னை இங்கே வைத்திருக்கமாட்டார். நம் ஊர்ப் பள்ளியில் எனக்கு ஓர் இடம் கேட்டு வை. கதவைத் தட்டுகிறார், மாமாதான்