உன் இடது கட்டைவிரல்

இன்று காலை சமையலறைத் தொட்டிக்கு அடியில் குழாய் ஒழுகுகிறது என்று பிளம்பர் வந்தார். ஓட்டையை அடைக்க இரண்டு நிறக் களிம்பைக் கிள்ளி எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பிசைந்தார். அந்த நாற்றம் அடித்ததும் நீ வந்துவிட்டாய். பெங்களூர் வைட்ஃபீல்டில், நம் டிசைன் ஆபீஸில் உன் மேஜையைச் சுற்றி எப்போதும் இதே நாற்றம்தான். மற்றவர்கள் எல்லோரும் கம்ப்யூட்டரில் வரைந்துகொண்டிருக்க, நீ மட்டும் நகமெல்லாம் சாம்பல் நிறமாக, களிம்பில் ஏதாவது பிடித்துக்கொண்டிருப்பாய். அதனால் ஆபீஸில் உன் பேரே ‘பிளம்பர்’ ஆகிவிட்டது. அந்தப் பேரை வைத்தது நான்தான்.

நீ போய் எட்டு மாதம் ஆகிறது. டெங்கு என்று நாலு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தாய், அவ்வளவுதான். உன்னைப் பற்றி நல்லவிதமாக எழுதத்தான் உட்கார்ந்தேன். போனவர்களைப் பற்றி எழுதும்போது எழுதுகிறவர்களும் சேர்ந்து நல்லவர்களாகிவிடுகிறார்கள், கவனித்திருக்கிறாயா? எனக்கு அது வரவில்லை.

நம் இருவருக்கும் பொதுவாக இருந்தது ஒன்றுதான், பொருள்களைத் திட்டுவது. மெட்ரோவில் ஏறினால் இறங்கும்வரை அதுதான் பேச்சு. ஒரு ஓட்டலில் கழிப்பறைக் கதவுகளில் ஆணுக்கு மீசையும் பெண்ணுக்குப் பூவும் வரைந்திருந்தார்கள். அந்த மங்கிய வெளிச்சத்தில் இரண்டும் ஒரே கறுப்புத் திட்டாகத் தெரிய, நீ தப்பான கதவைத் தள்ளிவிட்டு வந்து அரைமணி நேரம் புலம்பினாய். ஷாம்பு பாட்டில் மேல் உனக்குத் தனிக் கோபம்.

"தலைக்குக் குளிக்கிறப்போ கண்ண மூடிக்கினுதான இருப்போம்? ஷாம்புவும் கண்டிஷனரும் ஒரே மாதிரி பாட்டிலு. ஒண்ணுத்துல ரெண்டு கோடு போட்டா இவங்களுக்கு இன்னா பேஜாரு, குரு?" என்பாய். பெங்களூரில் யாருக்கும் யாரும் ‘குரு’தான்.

நல்ல டிசைன் கண்ணை உறுத்தக் கூடாது என்பது என் கட்சி. கைக்குத் தெரிய வேண்டும் என்பது உன் கட்சி. மெட்ரோவில் இரண்டு கட்சிக்கும் ஒரே பலம். ஆபீஸில் அப்படியில்லை. இருவரும் பெண்கள், வயதும் ஒன்றுதான் என்றாலும் நான் டீம் லீட், நீ என் டீமில் ஒருத்தி.

அப்போது நாம் செய்துகொண்டிருந்தது ஒரு இண்டக்‌ஷன் அடுப்பு. என்னுடையது கறுங்கண்ணாடிப் பலகை, வேறு ஒன்றுமே கிடையாது. விரலை வைத்தால் உள்ளிருந்து எண்கள் ஒளிரும். பார்த்தவர்கள் எல்லோரும் மயங்கிப் போனார்கள். நீ அதே கண்ணாடி மேல் களிம்பில் பிடித்த ஒரு குமிழைக் கொண்டுவந்து வைத்தாய். அடியில் காந்தம். திருப்பினால் சூடு கூடும், குறையும். அழுக்கானால் கையோடு எடுத்துக் குழாயில் காட்டிக் கழுவி மறுபடி ஒட்டிவிடலாம். பிடித்துத் திருப்ப வாகாக அதன் மேல் உன் கட்டைவிரலை அமுக்கி ஒரு பள்ளம் செய்திருந்தாய்.

வெள்ளிக்கிழமை மதியம் சுவர் பார்க்கிற நேரம் உனக்கு நினைவிருக்கும். அவரவர் வேலையைச் சுவரிலும் பலகையிலும் வைக்க வேண்டும். ஆளுக்கு மூன்று சிவப்புப் பொட்டு. எது வேண்டாமோ அதன் மேல் ஒட்டலாம். வைத்தவர் மட்டும் வாய் திறக்கக் கூடாது. அந்த விதியைக் கொண்டுவந்ததும் நான்தான். பொருள் கடைக்குப் போகும்போது கூடவே போய் விளக்கம் சொல்ல முடியாது, அதனால் அது தானே பேசட்டும் என்பது காரணம். நல்ல காரணம்தான். ஒருவர் வாயைக் கட்டிவிட்டு அடிக்கவும் அது வசதியாக இருந்தது.

என் மூன்று பொட்டையும் உன் குமிழ் மேல் ஒட்டினேன். "இது அடுப்பா, ஃபேன் ரெகுலேட்டரா?" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அதோடு விட்டிருக்கலாம். "உங்க நீலசந்திரா வீட்டுக்கு டிசைன் பண்ணாத. நம்ம கஸ்டமர் அங்க இல்ல" என்றேன். நீ குடியிருந்த எளிய பேட்டை அது. அதற்கும் சிரித்தார்கள், கொஞ்சம் குறைவாக.

எல்லோரும் கலைந்த பிறகு என்னிடம் வந்தாய். "ரூலு முடிஞ்சுதா? இப்ப பேசலாமா?" என்றாய். உன் தண்ணி பாட்டிலைத் திறந்து என் கை மேல் ஊற்றினாய். "இப்ப உன் அடுப்ப பத்த வை, குரு."

தொட்டேன். கீ கீ என்று கத்தியது. எண்கள் தாறுமாறாக ஓடி, அணைந்தது.

"சமையல் கட்டுல எந்தக் கை காஞ்சு கெடக்கும்? அரிசி களைவோம், காய் கழுவுவோம், பால் பொங்கும். ஏசி ரூம்ல ஒக்காந்து சானிடைசர் போட்டுத் துடைச்ச வெரல வெச்சு டெஸ்ட் பண்ணினு இருக்கோம்."

அது அப்பட்டமான உண்மை. ஆறு மாதம் சோதித்த எங்களில் ஒருவருக்கும் கையை நனைத்துப் பார்க்கத் தோன்றவில்லை. நான் என்ன செய்தேன் தெரியுமா, உன் துப்பட்டாவை இழுத்து என் கையைத் துடைத்தேன். மறுபடி தொட்டேன். எண்கள் ஒழுங்காக ஒளிர்ந்தன. "துடைச்சுக்கிட்டா போச்சு" என்றேன்.

அந்த நிமிடத்திலேயே நீ சரி, நான் தப்பு என்று எனக்குத் தெரியும். உன் மேல் எனக்குப் பொறாமை. பெரிய காலேஜில் படித்து நான் கற்றுக்கொண்டதெல்லாம் உன் கைக்குச் சாதாரணமாக வந்தது. அதை மன்னிக்க எனக்கு மனசு வரவில்லை.

அடுத்த சில மாதத்தில் ஆட்குறைப்பு வந்தது. என் டீமில் ஒருவர் போக வேண்டும். படிவத்தில் காரணம் எழுத ஒரு வரி இடம். ‘பயன்படுத்துகிறவர்களைப் புரிந்துகொள்வதில்லை’ என்று உன் பெயருக்கு எதிரே எழுதினேன். இங்கிலீஷில் இன்னும் நயமாக இருந்தது. அதை உனக்குப் படித்துக் காட்டினார்களாம். அன்று மூன்று முறை போன் செய்தாய். மணி அடித்து ஓயும்வரை திரையில் உன் பெயரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுப்பு கடைக்குப் போனது. போன வேகத்தில் திரும்பி வந்தது. ஈரக் கை, பொங்கிய பால், நீ சொன்ன அதே புகார்கள், அதே வரிசையில். நான் ஸ்டோர் அலமாரியைத் திறந்து உன் குமிழைத் தேடி எடுத்தேன். மூன்று சிவப்புப் பொட்டையும் சுரண்டினேன். அளவெடுத்து, பள்ளம் உட்பட அப்படியே வரைந்து கொடுத்தேன். அது விற்றது. பரிசும் கிடைத்தது. பேப்பரில் என் போட்டோ வந்தது. பள்ளம் ஏன் ஓரமாகச் சாய்ந்திருக்கிறது என்று மேடையில் ஒருவர் கேட்டார். வலது கையில் கரண்டி இருக்கும், இடது கையால் திருப்பத்தான் என்று நின்ற இடத்திலேயே ஒரு காரணம் கட்டிச் சொன்னேன். கைதட்டினார்கள். நீ இடது கைக்காரி, அவ்வளவுதான் விஷயம்.

நீ போன பத்தாம் நாள் நீலசந்திராவுக்கு உன் வீட்டுக்குப் போனேன். போகாமல் இருந்தால் ஆபீஸில் பேசுவார்கள் என்று போனேன். உன் தங்கை டீ போட்டாள். அந்த அடுப்பில்தான்.

"இத கடைல பாத்துட்டு அக்கா ஒரே அடம் மேடம், வாங்கினு வந்துட்டா. வரவங்க போறவங்க எல்லாருக்கும் காட்டுவா. இது என் வெரலு, வேணும்னா வெச்சுப் பாக்கறியான்னு. நாங்க யாரும் நம்பல. பேப்பர்ல உங்க போட்டோதான இருந்துச்சு."

டீயை என் கையில் கொடுத்துவிட்டு, குரலைத் தாழ்த்தினாள்.

"அவ சும்னே, பொய்யா சொல்லினு இருந்தாளா மேடம்? அம்மா கேக்கச் சொன்னாங்க."

உன் அம்மா உள்ளறை வாசலில் நின்றுகொண்டிருந்தார். நான் ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும், அந்த வீட்டில் நீ தலை நிமிர்ந்து நிற்பாய். எனக்கு என் போட்டோ ஞாபகம் வந்தது.

"டீமா செஞ்சதும்மா. அவளும் டீம்ல இருந்தா இல்ல, அதனால அப்படித் தோணியிருக்கும்" என்றேன்.

தங்கை அம்மா பக்கம் திரும்பினாள். "நான் சொல்லல?"

"பாவம்" என்றார் உன் அம்மா. "ஆசப்பட்டுச் சொல்லிருக்கு கொழந்த."

டீயை முழுவதும் குடித்தேன். டம்ளரை நானே கழுவி வைத்தேன். உன் தங்கை தன் நம்பரை என் போனில் பதிந்து கொடுத்து, வாசல்வரை வந்து அனுப்பினாள். உன்னைப் பொய்க்காரியாக்கிய பிறகும் எனக்கு அவ்வளவு மரியாதை.

அந்தப் "பாவம்" என்னை விட்டுப் போகவில்லை. மேடை ஏறினால் கேட்கிறது, என் வீட்டில் பால் பொங்கினால் கேட்கிறது. அதற்காக நான் திருந்திவிட்டேன் என்று நினைக்காதே. இதோ எழுதியதை எல்லாம் படம் பிடித்து உன் தங்கைக்கு அனுப்ப ஒரு நிமிடம் ஆகாது. படிக்கவே முடியாத உனக்குத்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன்.