முப்பது வருடப் பத்திரம்

மார்ச் 4
ஓய்வுபெற்று ஒரு மாதம். லிஃப்ட் பழுதுபார்த்தே பழகிய கை, சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. வந்த பணத்தில் கொஞ்சம் பங்குகளில், கொஞ்சம் தங்கத்தில், கொஞ்சம் வங்கியில். மீதிப் பாதி அரசுக் கடன் பத்திரத்துக்கு. எத்தனை வருடத்துக்கு? முப்பதுக்கு வட்டி கூடுதல். ஆனால் நடுவில் விற்க நேர்ந்து, அப்போது நாட்டில் வட்டி ஏறியிருந்தால், விலை அடி வாங்கும்.

மார்ச் 9
"இந்தப் பணம் எப்ப சார் உங்களுக்கு வேணும்?" என்று தரகர் கேட்டார். நாளைக்குச் சொல்கிறேன் என்று எழுந்து வந்துவிட்டேன். எனக்கா? இதய வால்வு சுருங்கிவிட்டது, ஆபரேஷன் செய்யாவிட்டால் இரண்டு வருடம் தாண்டுவது கஷ்டம் என்று மருத்துவர் சொல்லி மூன்று வாரம் ஆகிறது. வீட்டில் மூச்சு விடவில்லை. கத்தி என்றாலே எனக்குக் கதிகலங்கும்.

மார்ச் 10
பத்திரத்துக்கு வருடக் கணக்கு எழுதினேன்: மூன்று, ஐந்து, ஏழு. அடித்துவிட்டு — இரண்டு, மூன்று, ஐந்து.

மார்ச் 15
பட்டியலை மனைவியிடம் காட்டினேன். டிரைவிங் ஸ்கூலில் கற்றுக்கொடுப்பவள். பக்கத்து சீட்டுக்காரன் பயந்தால் அவளுக்குச் சட்டென்று தெரியும்.
"ஏங்க எல்லாமே குட்டிக் குட்டி வருஷமா இருக்கு?"
"சீக்கிரம் கைக்கு வந்தா உனக்கு நல்லதுதானே."
"எனக்கா? நமக்குன்னு ஏன் வரல வாயில?"
மாட்டிக்கொண்டேன். எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவள் கத்தவில்லை. கார் சாவியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். இரண்டு மணி நேரமாகிறது. என்னையே கேட்டுக்கொள்கிறேன்: ஏன்டா மறைச்சே? பயந்தாங்கொள்ளி... என்னத்தப் பெரிசா காப்பாத்திட்டே?

மார்ச் 16
மருத்துவமனைக்கு அவளே போன் போட்டாள். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஏப்ரல் ஆறு ஆபரேஷன்.

ஏப்ரல் 5
நாளைக்கு. பத்திரத்தை முடித்துவிட்டோம். அவசரத்துக்கென்று ஐந்து வருடத்தில் ஒரு பகுதி, பத்தில் ஒரு பகுதி, மீதியெல்லாம் முப்பதில். இரண்டு பேர் பெயரிலும்.
"முப்பது வருஷம்னா எனக்குத் தொண்ணூறு" என்றேன்.
"ஆகட்டுமே. கையெழுத்தப் போடுங்க."
போட்டேன்.

அக்டோபர் 20
ஆபரேஷன் முடிந்து ஆறு மாதம். தரகர் போனில் இழுத்து இழுத்துப் பேசினார். வட்டி ஏறிவிட்டதாம், முப்பது வருடப் பத்திரத்தின் விலை நன்றாகச் சரிந்திருக்கிறதாம். இப்போதே விற்றுவிடலாமா என்றார். நான் இப்போதைக்கு விற்பதாக இல்லை என்றேன்.
"யாரு போன்ல?" என்றாள் சமையலறையிலிருந்து.
"தரகர். விலை இறங்கிருச்சாம்."
"இறங்கினா இறங்கட்டும். சாப்பாடு ஆறுது, வாங்க."