மூன்று மடங்கு குறைந்த காத்திருப்பு

ஸ்கிப்டன்,
மார்ச் 9

அன்பு மகள் ரோசலிண்டுக்கு,

இங்கே நானும் அம்மாவும் இந்த வயதுக்கு நலம்தான். வெலிங்டனில் நீயும் பிள்ளைகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அம்மாவின் இடுப்பு மூட்டு அறுவைச் சிகிச்சை என்றைக்கு என்று தெரிந்தால்தான் விடுப்புக்கு எழுத முடியும், மாதக் கடைசிக்குள் சொல்லுங்கள் என்று கேட்டிருந்தாய். தாமதம் என்னுடையது. அவளால் மாடிப்படி ஏற முடியவில்லை, கட்டிலை முன்னறைக்கு இறக்கிவிட்டோம். நவம்பரில் பெயர் கொடுத்தோம், போன மாதம் மருத்துவமனையிலிருந்து கடிதம் வந்தது, காத்திருக்கும் காலம் சென்ற ஆண்டைவிட மூன்று மடங்கு குறைந்துவிட்டதாம். சென்ற ஆண்டு அது பதினெட்டு மாதம். ஒரு மடங்கு குறைந்தாலே மிச்சம் ஒன்றுமில்லை, மூன்று மடங்கு என்றால் பெயர் கொடுப்பதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்பே அறுவை முடிந்திருக்க வேண்டும். அம்மாவிடம் கேட்டேன், அப்படி எதுவும் நினைவில்லை என்றாள். மூன்றில் ஒரு பங்கைத்தான் சொல்கிறார்கள் போலும், ஆறு மாதம், ஆகவே மே என்று உனக்கு எழுத உட்கார்ந்தேன். என் கணக்கில் எனக்கே நம்பிக்கை வராமல் மருத்துவமனைக்குத் தொலைபேசியில் கேட்டேன். “அதுலயும் இப்ப பாதி கொறைஞ்சிருக்கு கண்ணு, கவலையே படாதீங்க” என்றாள் அங்கிருந்த பெண். எதில் பாதி என்று கேட்டிருக்கலாம். அவளுக்குப் பின்னால் இன்னொரு தொலைபேசி அடித்துக்கொண்டிருந்தது, தொந்தரவு வேண்டாமென்று இரண்டு முறை நன்றி சொல்லி வைத்துவிட்டேன். ஆறில் பாதி மூன்று, அப்படியானால் அம்மாவின் முறை பிப்ரவரியிலேயே வந்து போய்விட்டது. இதை அவளிடம் சொல்லப் பயந்து பதினோரு நாள் தாளும் பென்சிலுமாக இருந்தேன். நேற்று தாள்களைப் பார்த்துவிட்டாள். “எட்வின், எவ்வளவு கொறைஞ்சுதுன்னு உன்னை யாரு கேட்டா? என்னிக்குன்னு கேட்டா வாயில இருக்கற முத்து உதிர்ந்துடுமா?” என்று தொலைபேசியைப் பிடுங்கினாள். இரண்டு நிமிடம்தான். ஏப்ரல் 23, காலை எட்டு மணி. வைத்துவிட்டு, “ரோசலிண்ட் வர்றதும்தான் கொறைஞ்சுபோச்சு” என்றாள். எத்தனை மடங்கு என்று நான் கணக்குப் போடவில்லை.

ஆகவே விடுப்புக்கு உடனே எழுதிவிடு. ஏப்ரலிலும் இங்கே குளிர் விடாது, கம்பளிச் சட்டை எடுத்து வா. பிள்ளைகளுக்கு எங்கள் முத்தங்கள், உனக்கு எங்கள் இருவரின் ஆசிகள். பதிலில் தேதியை மட்டும் எழுது, போதும்.

என்றும் உன் நினைவில்,
அப்பா எட்வின்