நீ அளந்து வைத்த தெரு

நேற்று பரணை ஒழித்தபோது ஒரு தகரக் குழாய் கிடைத்தது. மூடியைத் திறந்ததும் அமோனியா நெடி மூக்கில் ஏறியது. வரைபடங்களை நகலெடுத்த அந்தக் காலத்து நெடி. உள்ளே நீ வரைந்த தெருப் படம். குழாயை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். நீ போய் இன்னும் நாற்பது நாள்கூட ஆகவில்லை.

திருக்கோவிலூரின் பழைய தெருக்களை அளந்து வரையும் வேலைக்கு நாம் சேர்ந்தே போனோம். ஒரே வயது, ஒரே பாலிடெக்னிக். விடிகாலையில் தென்பெண்ணையிலிருந்து பனி எழுந்து கோவில் தெருவுக்குள் வரும். வீடுகளின் முகப்பு மட்டும் மிதப்பதுபோலத் தெரியும். உள்ளே முற்றத்தில் வெயில் மெல்ல இறங்கிக்கொண்டிருக்கும். ஒவ்வொரு மரத்தூணையும் அளந்த பிறகும் நீ கொஞ்ச நேரம் கையை எடுக்கமாட்டாய். "எங்க அப்பா இந்தத் தெருவுல செருப்ப கையில எடுத்துக்கினுதான் நடப்பாரு" என்று ஒருநாள் சொன்னாய். குரலில் கோபம் இல்லை. அளவு சொல்வதுபோலவே சொன்னாய்.

அப்போதுதான் எங்கள் சாதிக்காரர்கள் இட ஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல் தொடங்கினார்கள். புளியமரங்களை வெட்டிக் குறுக்கே போட்டார்கள். என் ஊர்க்காரர்களும் என் அண்ணனும் அதில் இருந்தார்கள். "படிப்பு கேக்கறாங்க, வேலை கேக்கறாங்க. நாங்க கேட்டதுதான, கேக்கட்டும்" என்றாய். பஸ் ஓடாத அந்த நாட்களில் ஊரே தண்ணீருக்கு அடியில் கிடப்பதுபோல இருந்தது. எங்கோ தொலைவில் மாடு கத்தினாலும் கேட்டது.

பட்டியலில் இருந்த வீடுகள் முடிந்துவிட்டன. "சும்மா குந்திகினு இருக்கறதுக்கு எங்க தெருவ அளக்கலாம், வா" என்றாய்.

"அது பழைய தெருவுல சேருமாடா?"

"கூரைதான் வருசா வருசம் புதுசு. எடம் எங்க பாட்டன் காலத்துது."

வரப்பு வழியாக நடந்து போனோம். மண்சுவரும் பனையோலையுமாகப் பத்தொன்பது வீடுகள். கோவில் தெருவை அளந்த அதே கவனத்தோடு இரண்டு நாள் அளந்தாய். சுவரின் கனம், கதவு திறக்கும் பக்கம், அடுப்பு இருக்கும் மூலை. உன் அம்மா சிரித்தார். "இந்தக் குடிசைய இன்னாடா படம் போடற?"

"இது வூடும்மா" என்றாய்.

மூன்றாம் நாள் காலை, நாம் தங்கியிருந்த அறையிலிருந்து பார்த்தால் தெற்கே உங்கள் தெருப் பக்கம் புகை தெரிந்தது. நாம் போய்ச் சேர்ந்தபோது சாம்பலும் கூரையின் கரிந்த பனங்கைகளும்தான் மிச்சம். ஜனங்கள் கரும்புத் தோட்டத்துக்குள் ஓடித் தப்பியிருந்தார்கள். யார் வைத்த தீ என்று இன்றுவரை ஒருவரும் சொல்லவில்லை.

ஒரு வாரம் கழித்து ஓர் அதிகாரி வந்தார். ஜீப்பில் உட்கார்ந்தபடியே, "இங்க எத்தன வீடு இருந்துச்சுன்னு எப்படிச் சொல்றது? எல்லாம் பொறம்போக்கு" என்றார். நீ ஜீப்பின் முன்பக்கத்தில் படத்தை விரித்தாய். ஒவ்வொரு வீட்டிலும் குடியிருப்பவர் பெயர், சுவரின் அளவு. அவர் இறங்கி வந்து வெகுநேரம் குனிந்து பார்த்தார். பிறகு ஒவ்வொரு பெயராக வாசித்தார். பெயர் கேட்கக் கேட்க அவரவர் போய்ச் சாம்பலில் தங்கள் வாசல் இருந்த இடத்தில் நின்றார்கள். உன் அம்மா நின்ற இடத்தில்தான் இன்றைக்கு உன் மகன் வீட்டு வாசல் இருக்கிறது.

உன் சாவுக்கு வந்தவர்களிடம் இதையெல்லாம் சொன்னேன். சொல்லாதது ஒன்று உண்டு.

அந்த அதிகாரி போன பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டாய். "தெரு எரிஞ்ச அன்னிக்கு ராவுல உங்க அண்ணன் வூட்லதான் இருந்தாரா?"

"தெரியலடா" என்றேன்.

தலையை ஆட்டிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டாய். அப்புறம் முப்பது வருஷம் ஒன்றாக வேலை செய்தோம். என் மகள் கல்யாணத்தில் பந்தியில் நின்று பரிமாறினாய். மறுபடி கேட்கவே இல்லை.

நீ கேட்டதற்கு முந்தின நாள்தான் நான் ஊருக்குப் போய் வந்திருந்தேன். தெரு எரிந்த அன்று ராத்திரி அண்ணன் வீட்டில் இல்லை, விடிந்த பிறகுதான் வந்தான் என்று அம்மா அழுதுகொண்டே சொன்னாள். எங்கே போனான் என்று அவனை நான் கேட்கவில்லை. கேட்டால் தெரிந்துவிடுமே என்ற பயம். இப்போது அவனும் இல்லை.

தெரியல என்று உன்னிடம் சொன்னது பொய். நீ அதை நம்பினாயா, இல்லை எனக்காக விட்டுவிட்டாயா என்பதுதான் இன்றைக்கு எனக்கு நிஜமாகவே தெரியவில்லை.