சிவப்புக் கோடு போட்ட பட்டியல்

செப்டம்பர் 4, திங்கள்
இன்று ஐந்தாவது பள்ளிக்கூடம். செயற்கை நுண்ணறிவுக் கருவிகளைப் பழகும் ஆசிரியர்களுக்கு எப்படித் துணை நிற்பது என்று தலைமையாசிரியர்களுக்குச் சொல்லித்தருவதுதானே என் வேலை. இந்தப் பள்ளித் தலைமையாசிரியருக்குக் குரல்தான் இடி. “வாம்மா” என்று தன் நாற்காலியையே இழுத்துப் போட்டார். பிடித்துப்போய்விட்டது. “யார் செய்யறாங்க, யார் செய்யலன்னு கண்ணுல பட்டுக்கிட்டே இருக்கணும் சார்” என்று சொல்லிவிட்டு வந்தேன்.

செப்டம்பர் 11
காய்ச்சல். எங்கும் போகவில்லை.

செப்டம்பர் 18, திங்கள்
ஆசிரியர் அறைச் சுவரில் ஒரு பட்டியல். வாரம் மூன்று பாடம் கருவியில் தயாரிக்காதவர்கள் பெயருக்கடியில் சிவப்புக் கோடு. வேதியியல் டீச்சருக்கு இரண்டு கோடு. இருபத்திரண்டு வருட சர்வீஸ்!

மாடிப்படியில் என்னை நிறுத்தினார். “ராஜினாமா எழுதிட்டேன் மேடம். நோட்டு வைக்க வர்ற பசங்க அதைப் படிச்சுட்டுப் போறாங்க. எனக்கு அந்தக் கருவி வேண்டாம்னு இல்ல. தெரியலன்னு சொல்லத்தான் பயமா இருக்கு.”

கண்ணில் படணும்னு சொன்னது யாரு? நான்தானே. வாயை வெச்சுக்கிட்டு சும்மா இருந்தேனா?

செப்டம்பர் 19
நேராகத் தலைமையாசிரியர் அறைக்குப் போனேன். “சார், அந்தப் பட்டியல் என் தப்பு. எடுத்துடலாம். ஒண்ணு கேக்கட்டா? நீங்க அந்தக் கருவியைத் தொறந்து பாத்திருக்கீங்களா?”

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இடிக்குரல் எங்கே போனதோ. “இல்லம்மா. எல்லார் முன்னாடியும் எதையாவது தப்பா அழுத்தி மானம் போயிடுமோன்னு…”

“அவங்களுக்கும் அதே பயம்தான் சார்.”

செப்டம்பர் 22, வெள்ளி
அவரே பட்டியலைக் கிழித்தார். எல்லோர் முன்னாலும் ஒற்றை விரலால் தட்டித் தட்டிக் கருவியிடம் கேட்டார் — பத்தாம் வகுப்புக்கு ஐந்து வேதியியல் கேள்வி, விடையோடு. வந்ததைப் பெருமையாகப் படித்துக்கொண்டே போனார்.

மூன்றாவதில் வேதியியல் டீச்சர் எழுந்துவிட்டார். “சார், நில்லுங்க. இடது பக்கம் ஆக்ஸிஜன் நாலு, வலது பக்கம் மூணு. சமன்பாடு தப்பு.”

தலைமையாசிரியர் திரையிலிருந்து தலையைத் தூக்கினார்.

“அப்போ இதை நம்பிப் பரீட்சை எழுதினா நான் ஃபெயிலா டீச்சர்?”

சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆனது. “இங்க வந்து என் பக்கத்துல உக்காருங்க. என்னைத் தனியா விட்டுடாதீங்க” என்றார். டீச்சர் உட்கார்ந்தார்.

இனி வியாழன் கடைசிப் பீரியட் வகுப்பு கிடையாது. எல்லோரும் சேர்ந்து கருவியோடு மல்லுக்கட்டலாம். பிள்ளைகளை மைதானத்தில் விளையாட்டு ஆசிரியர் பார்த்துக்கொள்வார்.

ராஜினாமா? “கிழிச்சாச்சு மேடம்” — படியிறங்கியபடியே சொல்லிவிட்டுப் போனார் டீச்சர்.

நவம்பர் 16, வியாழன்
போனேன். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. கணக்கு ஆசிரியர் கருவியில் எடுத்த கேள்விகளை வேதியியல் டீச்சர் கிண்டலடித்துக்கொண்டே திருத்துகிறார். பின்வரிசையில் தலைமையாசிரியர் குறிப்பெடுக்கிறார். நான் வழக்கமாக உட்காரும் நாற்காலியில் யாரோ டிபன் பாக்ஸ் வைத்திருந்தார்கள். அரை மணி நேரம் நின்றபடியே பார்த்தேன்.

தலைமையாசிரியர் வாசல் வரை வந்தார். “அடுத்த வாரம் அலைய வேண்டாம்மா. நாங்களே பாத்துக்கறோம்.” கொஞ்சம் தயங்கி, “சும்மா வந்தாலும் சந்தோஷம்தான்” என்றார்.

பேருந்து நிறுத்தம் வரை ஏனோ மெதுவாகவே நடந்தேன்.