வேலியில் ஒரு பொட்டு

அண்ணைக்கு,

ஒன்பது வருடமாக நாங்கள் கதைப்பதில்லை. இந்தக் கடிதத்தையும் கதைத்ததாக எடுக்க வேண்டாம்.

ஊரடங்கில் கடைகள் பூட்டு. எங்கள் வளவில் முருங்கை மரமே இல்லை. ஆனால் தினமும் முருங்கைக்காய்க் கறி.

"உது எங்காலை?" என்று மனைவியைக் கேட்டேன்.

"பேசாமல் சாப்பிடுங்கோ. முருங்கைக்காய்க்கும் பாஸ் கேட்பியளோ?"

வேலியைப் பரிசோதித்தேன். உங்கள் வளவோடு நாங்கள் வழக்காடிய அதே எல்லையில், ஓலைக் கிடுகை விலக்கி, இவளும் அண்ணியும் கை நுழையுமளவுக்கு ஓட்டையாய் ஒரு பொட்டு வைத்திருக்கிறார்கள். எங்கள் கோழிமுட்டைகள் போகும் வழியும் தெரிந்தது.

அடைக்கத்தான் நினைத்தேன். ஆனால் நேற்றிலிருந்து முருங்கைக்காய் வரவில்லை. உங்கள் இருமலும் கேட்கவில்லை.

இதை முட்டைகளோடு பொட்டுக்குள் வைக்கிறேன். பதில் எழுத வேண்டாம்; ஒருமுறை இருமினால் போதும். கேட்காவிட்டால், வேலியைப் பிரித்துக்கொண்டு வருவேன்.

இப்படிக்கு,
வழக்கின் எதிராளி,
தம்பி